கடை வாசலில் ஓடும் அமானிதம்



வல்ல நாயனைப் புகழ்ந்து, அவன் திருத்தூதர் முகம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துக் கூறித் தொடங்குகின்றோம்.

தொழுகையைப் பற்றியோ ஜக்காத்தைப் பற்றியோ எழுதினால், இது மார்க்க விஷயம் என்று மரியாதையுடன் படிக்கும் அன்பர்கள், இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சற்றே முகம் சுளிக்கக்கூடும். ஏனெனில், நாம் பேசப் போவது கடையின் பின்சந்தில் ஓடும் வடிகாலைப் பற்றி! இந்நாட்டில் சகல இனத்தவரும் லோங்காங் என்று சொல்லிப் பழகிய அந்த மழைநீர்க் கால்வாயைப் பற்றி! மார்க்க உபதேசத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்போர், இறுதிவரை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.

நமக்கு நடந்ததையே முதலில் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதத்தில், நோன்பு திறக்கும் விருந்து ஒன்றை நம்மவர்கள் சிறப்பாக நடத்தினோம். விருந்து முடிந்தது, தராவீஹ் தொழுகைக்கு நேரமாயிற்று. பிரியாணித் தேக்சாக்களும் கஞ்சிப் பானைகளும் பின்சந்துக்குப் போயின. எண்ணெயும் மசாலாவும் சோறும் எலும்பும் கலந்த கழுநீர், சவர்க்கார நுரையோடு நேராக வடிகாலில் இறங்கிற்று. அதைக் கண்டு நம்மில் ஒருவர், ஊரிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பையனை அதட்டினார். அவன் பயந்துகொண்டே, “எங்கே ஊற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே, பாய்! ஊரில் சாக்கடையில்தானே ஊற்றுவோம்?” என்றான்.

நம்மிடம் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். இருபது முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாணிபம் செய்த நாம், எத்தனை மணிக்குக் கடை திறக்க வேண்டும், கல்லாவில் யார் நிற்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். கழுநீரை எங்கே ஊற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், நம்மில் பலருக்கே அது சரியாகத் தெரியாது.

இங்கே நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். சாக்கடை என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டையும் அழைத்து விடுகின்றோம். ஆனால் சிங்கப்பூரில் இரண்டும் வேறு வேறு. கழிவறை நீரும் சமையலறைத் தொட்டியின் நீரும் நிலத்தடியில் மூடிய குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. தெருவோரத்திலும் பின்சந்திலும் ஓடும் வடிகாலோ மழைநீருக்கென்றே அமைந்தது. அதற்கும் அந்தக் குழாய்க்கும் தொடர்பில்லை. வடிகாலில் விழுவது கால்வாய்க்குப் போகிறது. கால்வாயிலிருந்து ஆற்றுக்குப் போகிறது. ஆற்றிலிருந்து நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கே இருப்பது குடிநீருக்காகச் சேர்த்து வைக்கும் தண்ணீர்!

இத்தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. பெய்யும் மழையைத் தேக்கி வைக்க நிலந்தான் போதாது. ஆகவே, நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்பு நிலமாக்கப்பட்டு, 17 நீர்த்தேக்கங்களில் மழைநீர் சேர்க்கப்படுகிறது. இந்நகரமே ஒரு பெரிய முற்றம்; அம்முற்றத்தில் விழும் மழை குடத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் எதைக் கொட்டினாலும் குடத்தில்தான் போய் விழும்.

இன்னும் நெருக்கமாகப் பார்ப்போம். நம்மவர் வாணிபம் எங்கே நடக்கிறது? சிராங்கூன் சாலையில், அராப் ஸ்திரீட்டில், மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பக்கத்தில். இவற்றில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாகவோ சிங்கப்பூர் ஆற்றின் வழியாகவோ மரீனா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008ஆம் ஆண்டில் கடல் முகத்தில் மரீனா அணைக்கட்டுத் திறக்கப்பட்டபின், 10,000 ஹெக்டேர் பரப்பின் மழைநீர், அதாவது இத்தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் நீர், அத்தேக்கத்திலே சேர்கிறது. ஆக, நம் கடை வாசல்தான் அந்த நீர்த்தேக்கத்தின் தலைவாசல்! இரவில் நம் பின்சந்தில் ஊற்றியது எங்கோ மறைந்து போவதில்லை. நம் பள்ளிவாசல் குழாயில் நாம் ஒளுச் செய்யும் நீருக்கு மூலமாகிய தேக்கத்தில் அது போய்ச் சேர்கிறது.

சுத்திகரித்துத்தானே தருகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். ஆம், நன்றாகச் சுத்திகரித்தே தருகிறார்கள். குழாயில் வரும் நீர் சுத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆயின், தன் பிள்ளை கழுவி வைத்து விடுவான் என்பதற்காக ஒரு தகப்பன் வீட்டுக் குடத்தில் அழுக்கைப் போடுவானா? அழுக்கு மிகுந்தால் சுத்திகரிக்கும் பாடும் செலவும் மிகும். அதுமட்டுமன்று, தேக்கத்துக்குப் போகும் வழியிலே உயிர்கள் வாழ்கின்றன. எண்ணெய் நீரின் மேல் படர்ந்து, காற்று நீரில் கலவாதபடி தடுக்கிறது. சோறும் கறியும் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கின்றன. கொழுப்புக் கட்டியாகி, பிளாஸ்டிக் பையோடும் வைக்கோலோடும் சேர்ந்து வடிகாலை அடைக்கிறது. பெருமழை வரும் நாளில் அந்த அடைப்பே ஐந்தடி நடைபாதையில் வெள்ளம் ஏறக் காரணமாகிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருடைய பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். அவ்வாறாயின், நீரில் வாழும் உயிர்களின் நீரையே கெடுப்பவன் நிலை என்னவாகும்?

சகோதரர்களே! இந்த நீர் இன்றுள்ள நிலைக்கு வந்த வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூர் ஆற்றுக்கும் நம் முன்னோருக்கும் பழைய உறவு உண்டு. இத்துறைமுகத்தின் ஆரம்ப நாட்களில், கப்பலிலிருந்து சரக்கை ஏற்றி இறக்கிய படகுகளில் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் உழைத்தார்கள். சூலியா ஸ்திரீட் என்ற பெயரும், 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அக்காலத்துக்குச் சாட்சி. அந்த ஆறு பின்னாளில் நாற்றத்தால் அருகே நிற்க முடியாத நிலையை அடைந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, கழிவுக்குழாய் இல்லாத குடிசைகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள், காய்கறி மொத்த வியாபாரம் ஆகிய எல்லாவற்றின் கழிவும் அதில்தான் விழுந்தது.

1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம் என்ற இயக்கத்தைப் பிரதமர் லீ குவான் யூ தொடங்கி வைத்தார். 1977இல், பத்தாண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று அவரே இலக்கு வைத்தார். 1987இல் அப்பணி நிறைவெய்தியது. அதற்காக ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகள் அங்காடி நிலையங்களுக்கு மாறினார்கள். சரக்குத் தோணிகள் 1983இல் ஆற்றை விட்டே அகன்றன. நாமும் வியாபாரிகள், வாடிக்கை பிடித்த இடத்தைவிட்டுப் பெயர்வது எத்தகைய வேதனை என்பது நமக்குத் தெரியாததன்று. அந்த எளிய வியாபாரிகள் விட்டுக்கொடுத்த இடத்தின் விலையால் வாங்கப்பட்டது இந்த ஆற்றின் தூய்மை. அதை இன்று நாம் ஒரு வாளிக் கழுநீரால் கெடுப்போமாயின், அவர்கள் பட்ட சிரமத்தையல்லவா சாக்கடையில் ஊற்றுகின்றோம்!

மலேசியாவில் வாழும் நம் சகோதரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் 1909இல் எழுந்த மஸ்ஜித் ஜாமிஆவை அறியாதார் யார்? அதற்கு அருகிலேதான் மஸ்ஜித் இந்தியாவும் நம்மவர் கடைவீதியும் இருக்கின்றன. நம் ஆறுகளை நேசிப்போம் என்ற இயக்கம் அங்கே 1993இல் தொடங்கியது. பிறகு அவ்விரு ஆறுகளையும் சீர்ப்படுத்தும் பெருந்திட்டம் வந்தபோது, பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வதும் அதன் ஒரு பகுதியாயிற்று. சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் போய், எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்து நிறுத்தும் தொட்டியை வையுங்கள், வைத்ததை ஒழுங்காகத் துப்புரவு செய்யுங்கள் என்று எடுத்துரைத்தார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததும், நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. குற்றம் செய்தவர் சிலர். ஒளுவுக்குத் தண்ணீரின்றித் தவித்தவர் பலர்!

இந்த இடத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை நம் நெஞ்சில் வந்து நிற்கிறது. ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இருக்கின்றார்கள். கீழே இருப்போர் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு தராமல், நம் பங்கில் ஒரு துளை போட்டுக் கொள்வோமே என்று அவர்கள் நினைக்கின்றார்கள். மேலே உள்ளோர் அதைப் பார்த்தும் விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். இது ஸஹீஹ் புகாரியில் வரும் ஹதீதின் கருத்து.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். துளை போட நினைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார்கள். அறியாமைதான் அங்கே குற்றம். நம் கடைப் பையனும் அப்படித்தான். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், முதலாளியின் திட்டு வாங்கக் கூடாது என்பதே அவன் எண்ணம். ஆகையால், கையைப் பிடித்துத் தடுப்பதென்றால் அவனை அதட்டுவதன்று. அவனுக்குக் கற்றுக் கொடுப்பதாகும். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே, உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றிக் கேட்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கும்போது, பையன் செய்தான், எனக்குத் தெரியாது என்று முதலாளி சொல்லித் தப்ப முடியுமா?

அரசாங்கம் விளம்பரத் தாள் ஒட்டுகிறது. நான்கு மொழியிலும் அறிவிப்புச் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும், சுவரில் ஒட்டிய தாள் பின்சந்து வரை வருவதில்லை. அபராதமும் உண்டு, ஆனால் அபராதத்துக்குப் பயந்தவன் அதிகாரி நிற்கும் வரைதான் ஒழுங்காக இருப்பான். இரவு பதினொரு மணிக்கு, கடை அடைத்து, விளக்கணைத்து, யாரும் பார்க்காத வேளையில் எண்ணெய்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனை எந்தச் சட்டம் தடுக்கும்? அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்ற தக்வா ஒன்றே தடுக்கும். சட்டம் போக முடியாத சந்திலும் ஈமான் போகும். ஆகவேதான் இந்த இயக்கத்தின் கடைசிப் பாதியை நடத்தும் கடமை நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் உரியது என்கின்றோம்.

மார்க்கம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை நம் பிள்ளைகளும் மதரஸாவில் படிக்கின்றார்கள். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் நீரெடுக்கும் துறையையும், நடக்கும் பாதையையும், ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடித் தருவது என்றார்கள். வடிகால் என்பது இன்றைய நகரத்தின் நீர்த்துறை அன்றோ? கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதன் விளைவு என்ற கருத்தைத் திருமறையின் ரூம் அத்தியாயம் அறிவிக்கிறது.

வியாபாரிகளாகிய நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அல்லாஹ்வுக்குரிய கடமையில் குறை வைத்தால் அவனிடம் தௌபாச் செய்யலாம், அவன் மன்னிப்பாளன். ஆனால் அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாதில் குறை வைத்தால், உரியவரிடம் போய் ஹலால் கேட்க வேண்டும் என்று உலமாக்கள் கற்பிக்கின்றார்கள். ஒருவருக்கு நூறு வெள்ளி கடன்பட்டால் அவர் வீடு தெரியும்; போய்க் கொடுத்து விடலாம். எடையில் குறைத்தால் அந்த வாடிக்கைக்காரரின் முகம் தெரியும். ஊரார் அனைவரும் குடிக்கும் நீரில் குறை செய்தவன் எந்த வாசலில் போய் ஹலால் கேட்பான்? சீனர், மலாய்க்காரர், தமிழர், நேற்று வந்த தொழிலாளி, நாளை பிறக்கப் போகும் குழந்தை ஆகிய அத்தனை பேரையும் எங்கே தேடிப் பிடிப்பான்? குப்பைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய சில வெள்ளியை மிச்சம் பிடித்துச் சேர்த்த லாபத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா? அந்தரங்கத்தில் கேட்டுப் பாருங்கள்!

நம் தொழிலுக்கே வழிகாட்டியாக ஒருவர் இருக்கின்றார். ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் பெரும் வணிகர். மதீனாவில் நல்ல தண்ணீருக்கு மக்கள் கஷ்டப்பட்டபோது, ரூமா என்னும் கிணற்றைத் தம் பொருளால் வாங்கி, எல்லோரும் பருகுமாறு விட்டார்கள். செல்வந்தர் ஒருவரின் பெயர் தண்ணீரோடு சேர்ந்து இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்துவிட்டது. கிணறு வாங்கிக் கொடுக்கும்படி இன்று நம்மை யாரும் கேட்கவில்லை. இருக்கும் நீரைக் கெடுக்காதிருங்கள் என்றுதான் கேட்கின்றார்கள். இதுவும் நம்மால் முடியாதா?

முடியும். செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர், பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, தகரத்தில் சேர்த்து, அனுமதி பெற்றுச் சேகரிப்போரிடம் கொடுங்கள். அதிலிருந்து வண்டிக்கான எரிபொருள் செய்கின்றார்கள். வீண் என்று எறிவதற்கும் விலையுண்டு! தட்டையும் தேக்சாவையும் கழுவுமுன் எச்சிலை வழித்துக் குப்பைப் பையில் போடச் சொல்லுங்கள். கழுவுவதை உள்ளே, கழிவுக்குழாயில் சேரும் தொட்டியில் கழுவச் சொல்லுங்கள். கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி நிரம்பி வழியும் வரை காத்திராமல், நாள் குறித்துத் துப்புரவு செய்யுங்கள். தரை துடைத்த வாளி நீருக்கும் உள் குழாயே இடம்.

ஜவுளிக் கடை, மளிகைக் கடை, நாணய மாற்றுக் கடை வைத்திருப்போர், எங்களுக்கு எண்ணெயேது என்று இருந்துவிட வேண்டாம். சரக்குப் பிரித்த அட்டை, கயிறு, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை மழைக்கு முன் கட்டி உள்ளே வையுங்கள். ஐந்தடி நடைபாதையைத் துடைப்பத்தால் பெருக்கி அள்ளுங்கள். குழாய்நீர் பீய்ச்சிக் குப்பையை வடிகாலில் தள்ளாதீர்கள். மழை வந்து அடித்துக்கொண்டு போகும் என்பார்கள். அடித்துக்கொண்டு போவதுதானே ஆபத்து! கடைக்குச் சாயம் அடிக்கும்போதும் சீமெந்து வேலை நடக்கும்போதும், மிஞ்சியதை வடிகாலில் கழுவக்கூடாது என்று வேலைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாக வந்த ஒவ்வொரு பையனையும் முதல் நாளே பின்சந்துக்கு அழைத்துச் சென்று, வடிகாலைக் காட்டி, “தம்பி, இது ஊர்ச் சாக்கடை அல்ல, நாம் குடிக்கிற தண்ணீருக்குப் போகிற வழி” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழ் தெரியாதவராயின், அவர் மொழி தெரிந்தவரைக் கொண்டு சொல்லச் செய்யுங்கள். ஆயிரம் விளம்பரத் தாளுக்கு ஈடானது முதலாளி நின்று சொல்லும் அந்த ஒரு வார்த்தை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் விருந்து நடத்தும் அன்பர்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. இனி எந்தக் கந்தூரிக்கும், எந்த நோன்புக் கஞ்சிக்கும் அரிசி எவ்வளவு, ஆட்டிறைச்சி எவ்வளவு என்று கணக்குப் போடும்போதே, பாத்திரம் எங்கே கழுவுவது, எண்ணெய் எங்கே சேர்ப்பது என்ற கணக்கையும் போடுங்கள். நன்மையை நாடிச் சமைத்த சோற்றின் கழுநீர் பிறருக்குத் தீமையாக முடியலாகாது.

அன்று நம்மைக் கேள்வி கேட்ட அந்தப் பையன் இன்று சமையற்கட்டுக்குப் பொறுப்பாக இருக்கின்றான். புதிதாக வருவோருக்கு எண்ணெய்த் தகரம் வைக்குமிடத்தை அவனே காட்டுகின்றான். நாம் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது கொஞ்சம்; அவன் நமக்குக் கற்றுக் கொடுத்தது அதிகம்.

யா அல்லாஹ்! உயிருள்ள யாவற்றையும் நீரிலிருந்து படைத்தவனே! எங்கள் கைகளை ஒளுவால் தூய்மையாக்கியது போல், அக்கைகள் கொட்டுவதையும் தூய்மையாக்குவாயாக! எங்கள் வாணிபத்தில் ஹலாலான பரக்கத்தைத் தருவாயாக! எங்கள் வாசலைக் கடந்து ஓடும் நீர், மறுமையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல், எங்களுக்காகச் சாட்சி சொல்லச் செய்வாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!